வாரியம் தகுந்ததெனக் கருதினால்

டைரக்டரம்மா கூட்டத்தைத் தொடங்கி வைத்தபோது குறட்டையார் ஏற்கெனவே தூங்கிவிட்டிருந்தார். அதனால் ஒன்றும் குடிமுழுகிப் போகவில்லை. கூட்டம் செல்லுபடியாக வேண்டுமானால் இரண்டு இயக்குநர்கள் அறைக்குள் இருக்க வேண்டும் என்றுதான் சட்டம் சொல்கிறது. இருவரும் விழித்திருக்க வேண்டும் என்று அது எங்கேயும் சொல்லவில்லை.

குறட்டையார் ஓய்வுபெற்ற வக்கீல். எத்தனை கம்பெனிகளுக்கு இயக்குநராக இருக்கிறார் என்று கேட்டால், கட்டடத்தின் கீழ்த்தளத்தில் இருக்கும் பெயர்ப்பலகையைப் போய்ப் பார்க்கச் சொல்வார். அந்தப் பலகையில் பொடி எழுத்தில் நூற்றுக்கணக்கான கம்பெனிகள் இருக்கின்றன. மேலே ஏறி வந்து பார்த்தால் நான்கு அறைகளும் ஒரு கழிப்பறையும்தான் இருக்கும். உலகத்தில் பாதிப் பேர் குடியிருக்க இடமில்லாமல் அலைகிறார்கள். இங்கே ஒரே அறையில் நூறு கம்பெனிகள் சண்டை சச்சரவு இல்லாமல் குடித்தனம் நடத்துகின்றன.

டைரக்டரம்மா தொண்டையைச் செருமிக்கொண்டு படிக்க ஆரம்பித்தாள். கூட்டத்தில் எடுக்கப்போகும் முடிவுகள் முந்தின நாளே தட்டச்சாகி வந்துவிடும். பரீட்சைக்கு முன்பே மார்க் போட்டு அனுப்புவது மாதிரிதான். ஆனாலும் அவற்றை வாய்விட்டுப் படிக்க வேண்டும் என்பது அலுவலக வழக்கம். பன்னிரண்டு பேர் உட்காரும் மேஜையில், பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காத பத்து நாற்காலிகளைப் பார்த்து அவள் படித்தாள். ஒவ்வொரு தீர்மானமும் ஒரே மாதிரித் தொடங்கும்: 'வாரியம் தகுந்ததெனக் கருதினால்.' அந்த வாரியம் இவளும் குறட்டையாரும்தான். இதுவரை எல்லாவற்றையும் தகுந்ததெனவே கருதி வந்திருக்கிறார்கள்.

படித்து முடித்ததும் கையெழுத்து. பிறகு கீழ்க்கடையிலிருந்து வந்த இரண்டு டீயும் ஒரு பிஸ்கட் பாக்கெட்டும். டீ ஆறினாலும் பரவாயில்லை, ரசீது முக்கியம். அதை ஃபைலில் ஒட்ட வேண்டும். நாளைக்கே யாராவது வந்து 'இங்கே நிஜமாகவே கூட்டம் நடந்ததா?' என்று கேட்டால், ரத்தமும் சதையுமான மனிதர்கள் உட்கார்ந்து பிஸ்கட் தின்றார்கள் என்று காட்டுவதற்கு அது அத்தாட்சி.

அவள் இந்த நகரத்துக்குக் கணக்கு எழுத வந்தவள். வந்த இடத்தில் கல்யாணம் செய்துகொண்டாள். கணவர் வேறொரு நகரத்துக்கு வேலை மாற்றிக்கொண்டு போனவர், போனவர்தான். இவளுக்கு இங்கே குடியிருப்பு உரிமை இருந்தது, போலீஸ் வழக்கு எதுவும் இல்லை, எதிர்த்துப் பேசும் பழக்கமும் இல்லை. ஒரு நாள், இந்தக் கம்பெனிகளையெல்லாம் பராமரிக்கும் அலுவலகத்தின் மேலாளர் கூப்பிட்டு, "நாளையிலேருந்து நீங்க டைரக்டர்" என்றார். சம்பளம் கொஞ்சம் கூடியது. பேச ஆள்தான் குறைந்தது. கணக்குப் பிரிவில் இருந்தபோது சாப்பாட்டு வேளையிலாவது நாலு பேர் இருந்தார்கள். டைரக்டரோடு உட்கார்ந்து சாப்பிட யாருக்குத் தைரியம் வரும்?

அவள் இயக்குநராக இருந்த கம்பெனிகளில் ஒன்றுதான் இந்தக் கதைக்கு வேண்டும். அது ஒரு பெயரின் சொந்தக்காரி. பெயர் என்றால் பெயின்ட் டப்பாவின் மேல் அச்சடித்திருக்கும் பெயர். பெயின்ட் தயாரிப்பது கடல் தாண்டி, அவள் பிறந்த ஊரில். தொழிற்சாலை அங்கே, புகை அங்கே, வேலை செய்கிறவர்களின் இருமல் அங்கே. ஆனால் டப்பாவின் மேலுள்ள அந்தப் பெயர் மட்டும் இந்த எட்டாம் மாடி அறையில் குடியிருந்தது. பெயரைப் பயன்படுத்துவதற்காகத் தொழிற்சாலை வருஷா வருஷம் வாடகை கட்டியது. வாடகை போக அங்கே லாபம் என்று சொல்லிக்கொள்ள ஒன்றும் மிஞ்சாது. லாபமில்லாத இடத்தில் வரியும் இல்லை. வாடகை வந்து சேரும் இந்த ஊரிலோ அதற்கு வரியே கிடையாது. திருட்டு என்று சொல்ல முடியாது. எல்லாம் சட்டப்படி. அதுதான் வயிற்றெரிச்சல்.

இதெல்லாம் நிற்பது ஒரே ஒரு நிபந்தனையின் மேல். பெயரின் சொந்தக்காரி நிஜமாகவே இங்கே இருந்து யோசித்து, இங்கே இருந்தே முடிவெடுக்க வேண்டும். முடிவு அங்கே எடுக்கப்படுகிறது என்று தெரிந்தால், அது அங்குள்ள கம்பெனியாகிவிடும். அத்தனை வரியும் அங்கே கட்ட வேண்டும். அதனால் அவள் ஊருக்குப் போகும்போதெல்லாம் ஆபீஸ் போனை மேஜை இழுப்பறையில் பூட்டிவிட்டுப் போக வேண்டும். "அங்க இருக்கும்போது கம்பெனி விஷயமா யார் கேட்டாலும் சரின்னு ஒரு வார்த்தை வாயிலேருந்து வரக்கூடாது" என்று மேலாளர் ஒவ்வொரு தடவையும் படித்துப் படித்துச் சொல்வார்.

வருஷக்கணக்கில் இப்படியே இருந்ததில் அந்தப் பயம் நாக்கிலேயே ஒட்டிக்கொண்டது. ஊரில் அக்கா வீட்டில், "இன்னும் கொஞ்சம் சோறு போடட்டுமா குட்டி?" என்று கேட்டால், "பாக்கலாம்" என்பாள்.

"சோத்துல என்னடி பாக்கறதுக்கு இருக்கு?" என்று அக்கா கரண்டியோடு நிற்பாள்.

அத்தானுக்கு அவளைக் கண்டாலே கிண்டல். "நம்ம வீட்டு டைரக்டர் வந்தாச்சு. எப்பம்மா படம் ரிலீஸ்?" என்பார். என்ன வேலை என்று அவர்களும் தோண்டித் துருவிக் கேட்டதில்லை, இவளும் சொன்னதில்லை. ஆபீஸ், கையெழுத்து, அவ்வளவுதான். ஒரு முறை அக்கா இரண்டு ஜன்னல் திரைகளைத் தூக்கிப் பிடித்து எது நன்றாக இருக்கிறது என்று கேட்டபோது, இவள் தன்னை மறந்து, "பச்சை தகுந்ததுன்னு கருதறேன்" என்று சொல்லிவிட்டாள். அக்கா திரையோடு தரையில் உட்கார்ந்து சிரித்தாள். கண்ணில் தண்ணீர் வர வர, "கருதறாளாம், கருதறாளாம்" என்று அத்தானைக் கூப்பிட்டுக் கூப்பிட்டுச் சொன்னாள். அந்தச் சிரிப்பு டைரக்டரம்மாவுக்குப் பிடித்திருந்தது. இந்த நகரத்தில் அவளைப் பார்த்து யாரும் சிரிப்பதில்லை, கேலியாகக்கூட.

பிறகு அக்காவுக்குச் சிறுநீரகம் இரண்டும் கெட்டுப்போயின. வாரத்துக்கு மூன்று தடவை அரசு ஆஸ்பத்திரியில் டயாலிசிஸ். அத்தான் ஸ்கூட்டரில் கொண்டுபோய் விட்டுக் கூட்டிவருவார். அடுத்த முறை ஊருக்குப் போனபோது டைரக்டரம்மாவும் துணைக்குப் போனாள். அக்காவின் கையிலிருந்து ரத்தம் ஒரு குழாய் வழியாகப் போய் இன்னொரு குழாய் வழியாகத் திரும்பி வந்துகொண்டிருந்தது. பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்தவள் தற்செயலாக மெஷினின் நெற்றியைப் பார்த்தாள். அங்கே ஒட்டியிருந்த ஸ்டிக்கரில் பெயின்ட் டப்பாவின் பெயர் இருந்தது. வருஷா வருஷம் அவள் படித்துக் கையெழுத்துப் போடும் தீர்மானங்களில் ஒன்று: 'தொழிற்சாலை அமைந்துள்ள ஊரின் மருத்துவமனைக்கு நான்கு இயந்திரங்களும் பராமரிப்புச் செலவும், நல்லெண்ண அடிப்படையில்.' அந்த நான்கில் ஒன்றுதான் இது.

"நல்ல மனுஷங்கடி அந்தக் கம்பெனிக்காரங்க. அவங்க இல்லைன்னா இந்த ஊர்ல என் கதி என்ன?" என்றாள் அக்கா.

டைரக்டரம்மா ஸ்டிக்கரையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான்தான்க்கா அந்தக் கம்பெனி என்று சொல்ல வாயெடுத்தாள். சொன்னால் முழுக்கச் சொல்ல வேண்டும். வாடகைக் கதையையும் சொல்ல வேண்டும். வரி ஒழுங்காக வந்திருந்தால் இந்த வார்டில் நான்கு மெஷின் இல்லை, நாற்பது இருக்கும் என்பதையும் சொல்ல வேண்டும். அவள் அக்காவின் போர்வையைக் காலடியில் சரி செய்தாள்.

அடுத்த வருஷக் கூட்டத்தில்தான் அது நடந்தது. தீர்மானங்களை வழக்கம்போல் படித்துக்கொண்டே வந்தவள் ஒரு வரியில் நின்றுவிட்டாள். 'வாரியம் தகுந்ததெனக் கருதினால், மருத்துவமனைக்கான உதவியை இந்த ஆண்டு முதல் நிறுத்திக்கொள்ளலாம்.' மேலேயும் கீழேயும் படித்துப் பார்த்தாள். காரணம் என்று ஒன்றும் இல்லை. கடல் தாண்டி யாரோ ஒருவர் செலவுகளைச் சுருக்கச் சொல்லியிருப்பார். வேறொருவர் பென்சிலால் ஒரு கோடு போட்டிருப்பார். அந்தக் கோடு எந்தக் குழாயின் மேல் விழுகிறது என்று அவருக்கு எப்படித் தெரியும்?

"முடியாது" என்றாள்.

சொன்ன பிறகுதான் அது தன் குரல் என்று அவளுக்குத் தெரிந்தது. குறட்டையார் கண்ணைத் திறந்தார்.

"என்னம்மா, முடிஞ்சுதா?"

"முடியாதுன்னு சொன்னேன் சார். இந்த ஒண்ணை நான் ஒத்துக்க முடியாது."

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு காகிதத்தை வாங்கிப் பார்த்தார். இத்தனை வருஷத்தில் அவர் எதையாவது படித்து அவள் பார்த்தது அதுதான் முதல் தடவை. "அப்படியெல்லாம் சொல்லலாமா நாம?" என்று கேட்டார். அவர் மிரட்டுவதற்காகக் கேட்கவில்லை. அவருக்கு நிஜமாகவே தெரியவில்லை.

"சொல்லலாம்னுதான் சட்டத்துல இருக்கு."

"இருக்கத்தான் செய்யுது" என்று ஒப்புக்கொண்டார். "சரி, அடிச்சுட்டுப் பக்கத்துல எழுதுங்க. எனக்கு இன்னும் ரெண்டு மீட்டிங் இருக்கு."

அவள் அந்த வரியை அடித்தாள். 'வாரியம் இதை ஏற்கவில்லை. உதவி தொடர வேண்டும்' என்று பேனாவால் எழுதினாள். இருவரும் கையெழுத்துப் போட்டார்கள். மேலாளர் மறுநாள் வந்து ஏதாவது தவறு நடந்துவிட்டதா என்று கேட்டார். இல்லை என்றாள். தொகை பெரிய முதலாளிகளுக்குக் கொசுக்கடி. இதற்காகப் பேச்சை வளர்த்து எதையாவது எழுத்தில் போட்டு மாட்டிக்கொள்வானேன் என்று விட்டுவிட்டார்கள். மெஷின்கள் ஓடின. உதவி நிற்கப்போவதாகக் கசிந்த செய்தியைப் பிடித்துக்கொண்டு, ஊரில் ஓர் அரசியல்வாதி தான் போராடி மெஷின்களை மீட்டதாகச் சுவரெங்கும் போஸ்டர் ஒட்டினார். அக்கா அதைப் போனில் சொன்னபோது டைரக்டரம்மா, "அப்படியா" என்று மட்டும் கேட்டுக்கொண்டாள். அன்று மாலை வீட்டுக்குப் போனதும், சமையலறையில் தனியாக நின்று, "முடியாது" என்று இன்னொரு தடவை சொல்லிப் பார்த்தாள். நன்றாக இருந்தது.

இதற்கப்புறம் அங்கே ஆட்சி மாறியது. புது அரசாங்கம் பெயின்ட் கம்பெனியின் வாடகைக் கதையைக் கோர்ட்டுக்கு இழுத்தது. எட்டாம் மாடி அறை வெறும் நாடகம். முடிவெல்லாம் எங்கள் நாட்டில்தான் எடுக்கப்படுகிறது. ஆகவே இத்தனை வருஷ வரியும் எங்களுக்கே சேர வேண்டும் என்பது வழக்கு. மந்திரி மேடையேறி, இந்த வரி வந்தால் முதல் வேலையாக அந்த ஊர் ஆஸ்பத்திரியில் புது டயாலிசிஸ் பிரிவு கட்டுவோம் என்று அறிவித்தார். எதிர்க்கட்சி, இப்படி விரட்டினால் தொழிற்சாலை ஊரைவிட்டே போய்விடும் என்றது. அக்காவுக்கு அரசியலில் அக்கறை கிடையாது. ஆனால் அந்தக் கேஸைப் பற்றி மட்டும் வாராவாரம் போனில் சொன்னாள். காரணம் இருந்தது. நோயாளிகள் பெருகிவிட்டார்கள், நான்கு மெஷின்கள் போதவில்லை, எல்லோருக்கும் வாரத்துக்கு மூன்று என்பதை இரண்டாகக் குறைத்துவிட்டார்கள்.

"ரெண்டு போதுமாக்கா?"

"போதாதுன்னுதான் டாக்டர் சொல்றார். மூச்சு வாங்குது. கால் வீங்குது. ஒரு வருஷம் தள்ளலாம்ங்கிறார், அதுக்குள்ள புதுசு வந்துட்டா மூணாவது முறை திரும்பக் கெடைக்குமாம். கேஸ் ஜெயிக்கணும், அவ்வளவுதான்."

பணம் அனுப்பித் தனியார் ஆஸ்பத்திரியில் சேர்க்கலாம் என்றால் பக்கத்தில் அப்படி ஒன்று இல்லை. இருக்கும் ஊருக்குப் போய் வரும் பஸ் பயணத்தை அக்காவின் உடம்பு தாங்காது. இங்கே கூட்டிவந்து வைத்துக்கொள்வதற்கு விசா கேட்டாள். நோயாளிக்கு இல்லை என்று திருப்பிவிட்டார்கள். பணம் ஒரு நொடியில் தாண்டுகிற கடலை ஒரு மனுஷி தாண்ட முடியவில்லை. ஆக, அக்காவின் மூன்றாவது முறை அந்தக் கோர்ட்டில் இருந்தது.

ஒரு நாள் கம்பெனி வக்கீல் விமானம் பிடித்து வந்தார். நல்ல உடுப்பு, நல்ல வாசனை. பழைய ஃபைல்களையெல்லாம் மேஜை மேல் பரப்பிப் பக்கம் பக்கமாகப் புரட்டினார். எல்லாமே சரி, சரி, சரி. அவர் முகம் தொங்கிக்கொண்டே வந்தது. பேனாவால் அடித்து எழுதியிருந்த அந்த ஒரு பக்கத்துக்கு வந்ததும் நிமிர்ந்தார்.

"இது யார் எழுதினது?"

"நான்தான்."

"யாராவது சொல்லி எழுதினீங்களா?"

"இல்ல சார்."

"மேடம், இது தங்கம்" என்றார். "நீங்க ரப்பர் ஸ்டாம்புன்னு அவங்க சொல்றாங்க. ரப்பர் ஸ்டாம்பு முடியாதுன்னு சொல்லுமா? முதலாளியே நிறுத்தச் சொல்லியும் இந்தப் போர்டு மறுத்திருக்கு. அப்ப மூளை இங்கதான் இருக்கு. நீங்கதான் எங்க சாட்சி." பிறகு குரலைத் தாழ்த்தினார். "ஒண்ணே ஒண்ணு. இதுல உங்களுக்குச் சொந்தக் காரணம் எதுவும் இல்லையே? இருந்தா எல்லாம் கெட்டுது. சொந்தக் காரணத்துக்காகச் செஞ்சா அது கம்பெனி எடுத்த முடிவாகாது. ஒரு தனி ஆள் தன் இஷ்டத்துக்கு எதையோ செஞ்சதா ஆகிடும். போர்டுன்னு ஒண்ணு இங்க இல்லவே இல்லைன்னு சர்க்கார் வக்கீல் ஊதித் தள்ளிடுவார்."

"அப்படி எதுவும் இல்ல" என்றாள் டைரக்டரம்மா. பொய் சொல்லிப் பழக்கமில்லாதவள். ஆனால் அந்தப் பொய்யைச் சொல்லும்போதே அவளுக்கு ஒன்று புரிந்துவிட்டது. சாவி தன் கையில் இருக்கிறது. கோர்ட்டில் ஏன் என்று கேட்பார்கள். அப்போது, என் அக்கா அந்த மெஷினில் இருக்கிறாள் என்று உண்மையைச் சொன்னால் போதும். கேஸ் முடிந்தது. வேலை போகும். குடியிருப்பு உரிமையும் சேர்ந்து போகும். போகட்டும், ஊருக்கே போய் அக்காவோடு இருக்கலாம். இங்கே விட்டுவிட்டுப் போகிற மாதிரி என்ன இருக்கிறது, பிளாஸ்டிக் உறை போட்ட பத்து நாற்காலிகளா? அன்றிலிருந்து அந்த ஒரு வாக்கியத்தைக் குளிக்கும்போதும் பாத்திரம் கழுவும்போதும் சொல்லிச் சொல்லிப் பழகினாள். அக்காவிடம் முன்கூட்டிச் சொல்லவில்லை. நடந்த பிறகு சொன்னால் எப்படிச் சிரிப்பாள் என்று நினைத்துப் பார்ப்பது சுகமாக இருந்தது.

சாட்சியத்துக்கு அவள் கடல் தாண்டிப் போக வேண்டியிருக்கவில்லை. எட்டாம் மாடி அறையிலேயே திரை வைத்தார்கள். அவள் வழக்கமாக உட்காரும் நாற்காலி, அதே மேஜை. யாரும் பக்கத்தில் இருந்து சொல்லிக் கொடுக்கவில்லை என்று உறுதி செய்ய மூலையில் ஒரு நோட்டரி மட்டும் உட்கார்ந்திருந்தார். திரையில் கோர்ட் தெரிந்தது. நீதிபதி பொட்டு மாதிரித் தெரிந்தார். சர்க்கார் வக்கீல் பெரிதாகத் தெரிந்தார். இளவயசுக்காரர், சுறுசுறுப்பானவர், நியாயம் தன் பக்கம் இருக்கிறது என்று தெரிந்தவர். அவர் ஜெயிக்க வேண்டும் என்று டைரக்டரம்மா மனதார வேண்டிக்கொண்டிருந்தாள். அது அவருக்குத் தெரியாதே.

"தீர்மானமெல்லாம் முன்னாடியே டைப் ஆகி வந்துடும், அப்படித்தானே?"

"ஆமாம்."

"நீங்க படிப்பீங்க, கையெழுத்துப் போடுவீங்க. இன்னொரு டைரக்டர் தூங்குவார்."

"ஆமாம்."

கோர்ட்டில் யாரோ சிரித்தார்கள். சிரிப்பு கொஞ்சம் தாமதமாக இந்த அறைக்கு வந்து சேர்ந்தது. வக்கீலுக்கு உற்சாகம் பிறந்துவிட்டது. ஒரு ஃபைலைத் தூக்கிக் காட்டினார்.

"டீ ரசீது, பிஸ்கட் ரசீது. வருஷக்கணக்கா ஒட்டி வச்சிருக்கீங்க. ஒரு சந்தேகம். என்ன பிஸ்கட் வாங்கறதுங்கறதையாவது நீங்க முடிவு பண்ணுவீங்களா, இல்ல அதுக்கும் மேலேருந்து உத்தரவு வருமா?"

இந்த முறை எல்லோரும் சிரித்தார்கள். மூலையில் இருந்த நோட்டரிகூடக் குனிந்து உதட்டைக் கடித்துக்கொண்டார். டைரக்டரம்மாவின் காது மடல்கள் சூடாயின. அக்கா சிரித்த சிரிப்பு வேறு. அந்தச் சிரிப்பில் இவளுக்கும் இடம் இருந்தது.

"இந்த முடியாதுங்கிற பக்கத்துக்கு வருவோம்" என்றார் வக்கீல். "பதினோரு வருஷம் எல்லாத்துக்கும் தலையாட்டின ஒருத்தர் திடீர்னு எப்படி மறுத்தாங்க? இதுவும் யாரோ சொல்லிக் கொடுத்து எழுதினதுதானே? நாளைக்குக் கோர்ட்ல காட்ட ஒண்ணு வேணும்னு. நீங்களா ஒண்ணும் சொல்லல, சொல்லக்கூடிய ஆளும் இல்ல நீங்க. சரிதானே?"

"இல்ல" என்றாள் அவள். குரல் உயர்ந்துவிட்டது. "அது நான். நான்தான் சொன்னேன். யாரையும் கேக்கல."

"அப்ப ஏன்?"

இதோ, அந்தக் கேள்வி. குளிக்கும்போதும் பாத்திரம் கழுவும்போதும் பழகிய வாக்கியம் நாக்கின் நுனியில் தயாராக இருந்தது. அக்கா என்ற முதல் சொல்லைச் சொன்னால் போதும். ஆனால் திரையில் அத்தனை முகங்களும் இன்னும் அந்தச் சிரிப்பின் மிச்சத்தோடு அவளைப் பார்த்துக்கொண்டிருந்தன. அக்காவுக்காக என்று சொன்னால் என்ன நினைப்பார்கள்? அதானே பார்த்தோம், இவளாவது டைரக்டராவது, ஏதோ ஒரு வீட்டுத் தங்கச்சி என்று நினைப்பார்கள். அவள் வாழ்நாள் பூராவும் தங்கச்சியாகவும் பெண்டாட்டியாகவும் கையெழுத்தாகவும் இருந்து பார்த்தவள். அந்த ஒரு 'முடியாது' மட்டும்தான் அவள் சம்பாதித்தது. அதையும் இவர்கள் முன்னால் கழற்றி வைக்க வேண்டுமா? ஒரே ஒரு நிமிஷம் அவளுக்கு டைரக்டராக இருக்க ஆசையாக இருந்தது.

"வாரியம் அதைத் தகுந்ததுன்னு கருதல" என்றாள். "உதவி தொடரணும்னு கருதினேன். அது எங்க அதிகாரம்."

யாரும் சிரிக்கவில்லை. பொட்டு மாதிரி இருந்த நீதிபதி குனிந்து எதையோ எழுதிக்கொண்டார். சர்க்கார் வக்கீல் ஃபைலை மூடிவிட்டு உட்கார்ந்தார். டைரக்டரம்மாவுக்கு நெஞ்சு நிமிர்ந்திருந்தது. திரையை அணைத்துவிட்டு, நோட்டரியும் போன பிறகு, அறையில் தனியாக இருந்தபோதுதான் அக்கா என்ற சொல் வாயிலேயே தங்கிவிட்டது அவளுக்கு உறைத்தது. மேஜையில் ஆறியிருந்த டீயைத் தள்ளி வைத்தாள்.

தீர்ப்பு கம்பெனிக்குச் சாதகமாக வந்தது. 'மறுக்கும் திறனும் துணிவும் கொண்ட ஒரு வாரியம் அங்கே இயங்கி வருகிறது' என்று நீதிபதி எழுதியிருந்தார். திறன், துணிவு. அவளைப் பற்றி இதுவரை யாரும் அப்படி எழுதியதில்லை. மேலாளர் பூங்கொத்து அனுப்பினார். இன்னும் பல கம்பெனிகள் அவளை இயக்குநராகக் கேட்கின்றன என்று சொன்னார். குறட்டையார் கதவருகே நின்று, "நல்லாப் பேசினீங்களாமே" என்று சொல்லிவிட்டு அடுத்த கூட்டத்துக்குப் போனார். பூங்கொத்தை வைக்க அறையில் ஜாடி இல்லை. அதை ஒரு காலி நாற்காலியில் வைத்தாள்.

அக்காவின் போன் அன்று பிற்பகலே வந்தது. பின்னால் மெஷினின் சத்தம் கேட்டது.

"கேஸ் போச்சு குட்டி" என்றாள். பேச்சுக்கு நடுவே மூச்சு வாங்கியது. "வார்டு டிவில சொல்லிட்டாங்க. யாரோ ஒரு பொம்பள டைரக்டராம். அவ சொன்ன ஒரு வார்த்தையில கவுந்துடுச்சாம். இந்த மெஷினை நிறுத்தக்கூடாதுன்னு சொன்னவளும் அவதானாம். அவளைத் திட்டறதா கும்பிடறதான்னு தெரியாம வார்டே ரெண்டாப் பிரிஞ்சு கெடக்கு."

டைரக்டரம்மா நாற்காலியிலிருந்த பூங்கொத்தைப் பார்த்தாள்.

"அவ பேரும் போடல, மூஞ்சியும் காட்டல. சொன்னதை மட்டும் எழுத்துல போட்டாங்க" என்றாள் அக்கா. "தொடரணும்னு கருதினேன்னு சொன்னாளாம். கருதினேன்னு."

மெஷின் மட்டும் தன்பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது.

"அப்படி யாருடி பேசுவா, உன்னைத் தவிர?"

"அக்கா" என்றாள் இவள்.

"எனக்காகத்தானே முடியாதுன்ன?"

"ஆமாக்கா."

"அதை அங்க சொல்லியிருந்தா கேஸ் என்ன ஆயிருக்கும்?"

"அவங்க ஜெயிச்சிருப்பாங்க. உனக்கு மூணாவது முறை வந்திருக்கும்" என்றாள்.

அக்கா கத்துவாள் என்று எதிர்பார்த்தாள். கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அக்கா வெகுநேரம் மூச்சைச் சேர்த்துக்கொண்டிருந்தாள்.

"மூணாவது முறை கெடக்கட்டும்டி" என்றாள் கடைசியில். "இந்த வார்டுல எல்லார் பக்கத்துலயும் யாராவது உக்காந்திருக்காங்க. உங்க அத்தான் வாசல்ல வண்டிகிட்டதான் நிப்பார், அவருக்கு ரத்தம்னா பயம். ஊரே இந்தக் கேஸைப் பாத்துக்கிட்டிருந்துச்சு. எனக்குன்னு ஒரு அக்கா இருக்கான்னு நீ ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். நானும் டிவியைக் காட்டி, அவ என் தங்கச்சின்னு சொல்லியிருப்பேன்."

"நான் வந்துடறேன்க்கா. எல்லாத்தையும் விட்டுட்டு வந்துடறேன். வரட்டுமா?"

நர்ஸ் ஏதோ சொல்வது கேட்டது. அடுத்த ஆள் காத்திருக்கிறார் போலிருக்கிறது. அக்கா யாரிடமோ, "இதோ ஆச்சு" என்றாள். பிறகு போனுக்குத் திரும்பினாள்.

"பாக்கலாம்" என்று சொல்லிவிட்டு வைத்தாள்.